எழுத்தன்று நடுங்கிய கடல்

எங்கள் குடும்பத்தில் சுனாமியைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பெரியமாமாவுக்கு அரசியல் தெரியும், அம்மாவுக்கு யார் யாருக்கு என்ன முறை என்று தெரியும், அப்பாவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும். கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் என்னிடம்தான் வரவேண்டும்.

சொல்லித் தந்தது சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை, எங்களோடுதான் இருந்தார். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் ஓ.எல். சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தார். என் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக இரண்டு பேரும் குசினித் தரையில், தண்ணீர் நிரப்பி அடியில் ஒரு தட்டுப் போட்ட பேசினை வைத்துக்கொண்டு இருந்தோம். சுமாத்திராப் பக்கம் கடலின் அடியில் நிலத்தட்டு ஒன்று மற்றதன் கீழே போய்க்கொண்டேயிருக்கும். போகிற வழியில் இரண்டும் சிக்கிக்கொள்ளும். சிக்கினாலும் தள்ளுவது நிற்காது. மேலே இருக்கிற தட்டு, கோடு போடுகிற அடிமட்டம் மாதிரி வளைந்து வளைந்து, இனித் தாங்க ஏலாது என்கிற ஒரு நாளில் சடாரென்று நிமிரும். அதன் மேலே நிற்கிற முழுக் கடலும் அந்த நிமிர்வில் தூக்கப்படும்.

பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தூக்கின தண்ணீர் ஆழ்கடலில் ஓடும்போது மேலே போகிற கப்பலுக்குக்கூடத் தெரியாது. ஆனால் விமானத்தின் வேகம். கரைக்குக் கிட்ட ஆழம் குறையக் குறைய முன்னால் போவது மெதுவாகும், பின்னால் வருவது அதன் மேல் ஏறும், அங்கேதான் அலை உயரும். எங்கள் கரைக்கு வர இரண்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும். சில வேளை அலைக்கு முன்னால் கடல் உள்வாங்கும். பாறையும் மீனும் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் புதினம் பார்க்க நிற்காமல் ஓட வேண்டும். சில வருடங்களுக்கு முன் வந்த பெரிய சுனாமியில் பார்க்கப் போன சனத்தில் கனபேர் திரும்பி வரவில்லை என்று சித்தி சொன்னபோது அவருடைய முகத்தில் சிரிப்பே இல்லை.

பேசினின் அடியில் கிடக்கிற தட்டை மேலே தூக்கினால் தண்ணீர் விளிம்பால் வழியும். அதையே பக்கவாட்டில் இழுத்தால் மேற்பரப்பு கொஞ்சம் நெளியும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த ஒருவரையும் இதைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த நேரத்தில்தான் சித்திக்குக் கனடா மாப்பிள்ளை சரிவந்தது. பொருத்தம் பார்த்தது, கதைத்தது, நாள் வைத்தது எல்லாம் பெரியமாமா. சித்தியிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லாம் முடித்துவிட்டுக் கேட்டார். எனக்கு இது வேண்டாம் அக்கா, அங்கே போனால் வேலைக்குப் போகக்கூடாதாம், மாமியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டாம் என்று சித்தி அம்மாவிடம் குசினியில் வைத்துச் சொன்னார். எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது என்று சொல்லி அம்மா வெங்காயத்தை வெட்டக் கொடுத்தார். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பெரியமாமாவிடம் போய் ‘அண்ணா’ என்று தொடங்கினால், சாரியின் நிறம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, மாற்றித் தருகிறேன் என்றுவிட்டார். கடைசியில் சித்தி மாப்பிள்ளையிடமே போனில் சொல்லிப் பார்த்தார். அவர், அம்மாவோடு கதையுங்கோ என்று போனைத் தாயிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சித்தி கதைப்பதைக் குறைத்தார். வெட்கம் என்றார்கள். சாப்பாட்டைக் குறைத்தார். அதுவும் வெட்கம். குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதார். கலியாணப் பொம்பிளை அழத்தானே வேணும் என்று அம்மா பூரித்துப்போனார். ஒரு வகுப்பு நிறைந்த பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிறவருக்கு இவ்வளவு வெட்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குப் புதினமாக இருந்தது. ஆனாலும் நான் கலியாணத்தின் பக்கம்தான். எனக்குப் புதுச் சட்டை, கனடாச் சொக்லட் எல்லாம் வர இருந்தன.

எங்கள் ஆட்கள் கலியாணப் பதிவை ‘எழுத்து’ என்பார்கள். தாலியைப் பிறகு ஆறுதலாகக் கட்டலாம். எழுத்து முடிந்தால்தான் விசா அலுவல் தொடங்கும். அதற்கும் நல்ல நேரம் பார்ப்போம். சித்தியின் எழுத்தை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். மூன்றாம் மாடி, பல்கனியில் நின்றால் தண்டவாளம், கறுப்புப் பாறை, அதற்கு அப்பால் கடல். கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த மாப்பிள்ளையும் தாயும் வாடகைக்குப் பிடித்த வானில் வந்து இறங்கினார்கள். பதிவாளர் வந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் ரோல்ஸும் கட்லட்டும் அடுக்கியிருந்தன. நல்ல நேரத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

அப்போது நான் இருந்த கதிரை ஆடியது. என் கதிரையைத் தம்பி ஆட்டுகிறான் என்று நினைக்க எனக்குத் தம்பி இல்லை. மேலே பார்த்தேன், நிறுத்தி வைத்த ஃபேன் மெல்ல ஊஞ்சலாடியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பயத்தில் இல்லை, பெருமையில். கடலுக்கு அடியில் நிலநடுக்கம் என்று முதலில் சொன்னது நான். டிவி பிறகுதான் சொன்னது. சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நடுக்கம், கரையில் இருக்கிறவர்கள் உடனே விலகிப் போகவேண்டும் என்றார்கள். கீழே கடலோரமாகப் போகிற மரைன் டிரைவில் பொலிஸ் ஜீப் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் கத்திக்கொண்டு போனது. சனம் அதைக் கேட்டுப் பாதிப் பேர் கடலை விட்டு விலகிக் காலி வீதிப் பக்கம் ஓடினார்கள், மற்றப் பாதிப் பேர் சுனாமி எப்படி வருகிறது என்று பார்க்கத் தண்டவாளத்துக்கு ஓடினார்கள். வெள்ளவத்தைச் சனம் அப்படித்தான்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார். பதிவாளர் எழும்பவா இருக்கவா என்று பெரியமாமாவைப் பார்த்தார். பெரியமாமா அசையவில்லை. இது மூன்றாம் மாடி, சுனாமி என்ன லிஃப்டிலயா வரும் என்று கேட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீதான் படிச்சனி. அலை வர எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ரெண்டு மணித்தியாலம் மாமா.”

வாழ்க்கையில் முதல்தடவையாகப் பெரியவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியமாமா கலண்டரையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல நேரம் முந்தி வருகிறது, சுனாமி பிந்தித்தான் வருகிறது. ஆகவே எழுத்தை முடித்து, ரோல்ஸையும் சாப்பிட்டு, ஆறுதலாக வானில் ஏறலாம் என்று தீர்ப்புச் சொன்னார். உலகத்தில் சுனாமியையும் சுபநேரத்தையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்தது எங்கள் பெரியமாமா ஒருவராகத்தான் இருக்கும். எனக்கோ அது வெகு நியாயமான கணக்காகப் பட்டது. என் இரண்டு மணித்தியாலத்தில்தானே அது நின்றது.

பதிவாளர் புத்தகத்தை விரித்தார். நல்ல நேரம் வந்ததும் மாப்பிள்ளை தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்தை வைத்தார். பேனை சித்தியின் கைக்கு வந்தது. சித்தி அதைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கடல் உள்வாங்கினா எவ்வளவு நேரம் இருக்கு எண்டு சொன்னனி?”

எனக்குச் சொல்லித் தந்தவரே என்னைக் கேட்கிறார். படித்ததெல்லாம் பதற்றத்தில் மறந்துபோயிற்று என்று பாவமாக இருந்தது. நேரமே இல்லை சித்தி, உடனே ஓட வேணும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சித்தி பேனையை மேசையில் வைத்துவிட்டு, ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பல்கனிக்குப் போனார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வரும்போது அவருடைய வகுப்புக் குரல் வந்திருந்தது.

“கடல் உள்ளுக்குப் போட்டுது. எல்லாரும் கீழ இறங்குங்கோ.”

அதற்குப் பிறகு நல்ல நேரமாவது கெட்ட நேரமாவது. மாப்பிள்ளைதான் முதல் ஆளாகப் படியில் இறங்கினார், தாய் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனார். பதிவாளர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். பெரியமாமா வேட்டியை மடித்துக் கட்டிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. நான் பல்கனிக்கு ஓடினேன். உள்வாங்கின கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன், இதை விடலாமா? பார்த்தால், கடல் எங்கேயும் போகவில்லை. தினமும் அடிக்கிற அதே பாறையில் அதே அலை அடித்துக்கொண்டிருந்தது. பிழை சித்தி, தண்ணி அங்கேயேதான் நிக்குது என்று கத்தினேன். சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

மாப்பிள்ளை வீட்டு வான் நிற்காமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது. நாங்கள் காலி வீதியைக் கடந்து மேட்டுப்பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனத்தோடு சனமாக இருந்தோம். நல்ல நேரம் அங்கே வைத்துத்தான் முடிந்தது. பொழுதுபடும் நேரம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். கடலடித் தட்டுகள் இந்த முறை பக்கவாட்டில்தான் நகர்ந்தனவாம், நிலம் மேலே நிமிரவில்லையாம். பேசினில் நான் காட்டியது அப்படியே! கேஸ்காரரைத் தேடிப் போய்ச் சொல்லலாம் போல இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பேனையைப் பிடிக்கிற நேரத்தில் கடலே குழம்புகிறது என்றால் அந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம், எனக்கு இருப்பது ஒரே மகன். பெரியமாமா இரண்டு நாள் கடலைத் திட்டினார். மூன்றாம் நாள், லண்டனில் ஒரு நல்ல பெடியன் இருக்கிறான் என்று தொடங்கினார்.

எனக்கோ வேறு கோபம். சித்தியை யாரும் ஏசவில்லை. ஏச வேண்டிய பிழையைக் கண்டவள் நான் ஒருத்திதான். விஞ்ஞான டீச்சர், கண்ணாடி போடாமலே ரோட்டின் அந்தக் கரையில் வருகிற பஸ்ஸின் நம்பரை வாசிக்கிறவர், இவ்வளவு பெரிய கடல் நிற்கிற இடம் தெரியாமல் கலியாணத்தையே கெடுத்துக்கொண்டார். அன்று பின்னேரமே அவரைப் பல்கனியில் பிடித்துக்கொண்டேன். சித்தி ஃபிரிட்ஜில் மிஞ்சிக் கிடந்த கட்லட்டை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“தண்ணி உள்ளுக்குப் போகேல்லயே சித்தி. நான் பாத்தனான்.”

“ஓம். போகேல்ல.”

“பிறகு ஏன் சொன்னீங்கள்?”

சித்தி கையைத் துடைத்துவிட்டு என் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். கடலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எல்லா முறையும் கடல் நடுங்கும் எண்டு பாத்துக்கொண்டிருக்க ஏலாது. அடுத்த முறை நானே வாயைத் திறந்து சொல்லப்போறன்.”

அவருடைய குரல் கொஞ்சம் நடுங்கியது. பிழை விட்ட பிள்ளை டீச்சருக்கு முன்னால் அப்படித்தான் கதைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஏசாமல், ஆறுதலாகவே சொன்னேன்:

“சொல்லுறதெண்டால் சித்தி, முதல்ல வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”