மீட்டர்காரர் போட்ட குழாய்

ஏழு வருடங்களாக மீட்டர்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான். வாரம் முழுக்க வீடு வீடாகப் படியேறி மின் மீட்டர் பார்க்கிற மனிதர், கிடைக்கிற ஒரே ஓய்வு நாளிலும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் கரையில் எறிவார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பிடுங்கிய இடமே தெரியாது. அவர் மனைவி கேள்வி கேட்பதை விட்டே நாளாகிவிட்டது. சேற்றுத் துணியைத் தனி வாளியில் போடச் சொல்வதோடு சரி.

தொடக்கத்தில் ஏரியைச் சுத்தம் செய்ய நாற்பது பேர் வந்தார்கள். கல்யாணம், இடமாற்றம், முதுகுவலி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது ஐந்து பேர். அவர்களை மேய்த்துக்கொண்டிருந்தவர் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர். ஒருநாள் கரையில் கால் நீட்டி உட்கார்ந்தபடி அவர்தான் சொன்னார்:

"நாம இங்க பிடுங்கிட்டே இருக்கோம். மேல இருந்து யாரோ அதுக்குச் சோறு போட்டுட்டே இருக்காங்க. அழுக்குத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்காம இது முடியாது."

எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்பது மீட்டர்காரருக்கு அத்துப்படி. அதனால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. ஏரிக்கு வரும் மழைநீர்க் கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தார். மழை பெய்து இரண்டு மாதமாகியும் கால்வாயில் தண்ணீர் ஓடியது, மேலே நுரை. மூன்றாவது தெருவின் பின்புறத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் வளைவில் கம்பி சுற்றியிருந்தது. சுற்றியவர் அவரேதான்.

அது அவர் தங்கையின் சலவைக்கடை. ஒன்பது வருடத்துக்கு முன், விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்க அவள் பெரிய இயந்திரம் வாங்கினாள். சாக்கடை இணைப்புக்கு எழுதிப் போட்டு யார் காத்திருப்பது என்று ப்ளம்பரைக் கூட்டிவந்து, குழாயைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னவர் இவர். வேலை முடிந்த கையோடு மறந்தும் போனார். தான் ஊட்டி வளர்த்ததைத்தான் இத்தனை ஞாயிறும் பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று உறைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தார்.

பிறகு எழுந்து, தெருவைச் சுற்றிக் கடைக்குள் போனார். தங்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் கை நின்றது.

"அன்னைக்கு நீதானேண்ணா ஆளைக் கூட்டிட்டு வந்தே?"

"ஆமாம்மா."

"இப்ப நீயே அடைக்கச் சொல்றே."

"நான்தான் சொல்லணும். வேற யாராவது வந்து சொன்னா இன்னும் அசிங்கம்."

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஊரில் எத்தனையோ குழாய் ஏரிக்குப் போகிறது, உங்கள் கண்ணுக்கு எங்கள் குழாய்தான் கிடைத்ததா என்று கேட்டார். மீட்டர்காரர் அடுத்த விரிப்பின் முனையை எடுத்துப் பிடித்தார். கேட்டது நியாயம்தானே.

அந்த ஞாயிறு மற்றவர்களிடமும் ஒளிக்காமல் சொன்னார். யாரும் அவரைக் குத்திப் பேசவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "பக்கத்து வீட்டுக் குழாயும் கால்வாய்லதான் விழுது. மூணு வருஷமா எனக்குத் தெரியும். சொன்னா அப்புறம் முகம் கொடுத்துப் பேசமாட்டாங்களேன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார்.

தங்கை கடைக்குச் சாக்கடை இணைப்பு வாங்க மீட்டர்காரர் மூன்று மாதம் அலைந்தார். கடைத் தரையை உடைத்துக் குழாய் பதிக்க, பன்னிரண்டு நாள் கடை மூடிக் கிடந்தது. அந்த இடைவெளியில் ஒரு விடுதி வேறு இடத்துக்கு மாறியது, திரும்பவே இல்லை. மீட்டர்காரர் லீவு போட்டு இடிபாடுகளைச் சுமந்தார். மத்தியானம் தங்கை தட்டில் சோறு வைத்துவிட்டு, அவர் உட்காருமுன் நகர்ந்துவிடுவாள்.

எட்டு மாதம் கழித்து, கடை மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது, வந்து பார் அண்ணா என்று அவளே போன் செய்தாள். போய்ப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார். அவள் கணவர் மட்டும் இன்றுவரை இவர் தலை தெரிந்தால் உள்ளே போய்விடுகிறார்.

கால்வாய் ஓரமாகப் பத்தொன்பது குழாய்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடத்தில் மூன்றுதான் அடைபட்டன. அதில் ஒன்று டீச்சரின் பக்கத்து வீட்டுக் குழாய். ஏரியில் தண்ணீர் வந்து விழும் இடத்தில் செடி கொஞ்சம் மெலிந்திருப்பதாக டீச்சர் சொல்கிறார். மீட்டர்காரர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

போன ஞாயிறு நாலு பேர்தான் வந்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல். நாலாவது குழாய்க்காரர் இப்போது வீட்டில் இருப்பார், போய்ப் பேசிவிட்டு வரலாமா என்று டீச்சர் கேட்டார்.

"போலாம் டீச்சர். கால் மரத்துப்போச்சு, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று மீட்டர்காரர் முழங்காலை நீவிக்கொண்டார்.