நூற்று நாற்பது கொடிகள்

தாவூத் ராவுத்தரைப் பயந்தாங்கொள்ளி என்று கொழிஞ்சாம்பாறையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடைக்குள் புகுந்த சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டவர். வேலந்தாவளம் ரோட்டில் லாரி கவிழ்ந்தபோது, டீசல் ஒழுக ஒழுக உள்ளே தலையைவிட்டு டிரைவரை இழுத்துப் போட்டவர். ஐம்பத்தெட்டு வயது. நோட்டு, பேனா, பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கிற கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அப்படிப்பட்ட மனிதர் சென்ற நவம்பரில் ஒரு சாக்குமூட்டையைப் பார்த்து நடுங்கிப் போனார்.

மூட்டையில் இருந்தவை தேசியக்கொடிகள். ஆகஸ்ட் பிறந்தால் அவர் கடைவாசலில் கொடியும் மூவர்ண ரிப்பனும் தொங்கும். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவரிடம்தான் வாங்கும். அந்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டார். மிஞ்சியதை ஜனவரிக்கு ஆகும் என்று பரண்மேல் போட்டுவைத்தார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. மூட்டையைப் பிரித்தபோது பூஞ்சை நாற்றம் குப்பென்று அடித்தது. பச்சைச் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. எலி வேறு கடித்துக் குதறியிருந்தது. எண்ணிப் பார்த்தார். நூற்று நாற்பது.

"குப்பையில போட்டுருங்க, போகட்டும்" என்றாள் மனைவி ஐசும்மா.

"பிளாஸ்டிக் எடுக்க வர்ற பொண்ணுங்க பிரிச்சுத்தானே பாப்பாங்க ஐசு? ராவுத்தர் கடைக் குப்பையில தேசியக்கொடின்னு ஆயிரும்."

"அப்ப புழையில உட்டுருங்க."

"ஆத்துப்பாலத்து மேல நிக்கறவனுக்குக் கண்ணில்லையா?"

மகன் அஜ்மல் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். போனில் விவரம் கேட்டுவிட்டு, சட்டத்தைத் தேடிப் படித்துச் சொன்னான். கிழிந்த கொடியைத் தனி இடத்தில், மரியாதையோடு எரிக்கலாம், அதுதான் முறை. தாவூத்துக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் மகன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஆனா ஒருத்தரும் வீடியோ எடுத்துராமப் பாத்துக்குங்கத்தா. எரிக்கறது வீடியோல தெரியும். எதுக்கு எரிக்கறோம்னு தெரியாது."

மூன்று நாள் அந்த மூட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது. கல்யாணவீட்டுப் பிணம்போல அதை வைத்துக்கொண்டு இருவரும் சோறு தின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேட்டுவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினார். வாசல்வரை போனார். என்னவென்று ஆரம்பிப்பது? 'கொடி எரிக்கணும்' என்று தன் வாயால் சொல்லிப் பார்த்தபோது அவருக்கே அது குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலக் கேட்டது. எதிர்க்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

இருட்டில் செய்தால் திருட்டுத்தனம் என்றாகும். ஆகவே வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், பின்கட்டு முற்றத்தில் செங்கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டினார். ஒவ்வொரு கொடியாக மடித்து, 'பிஸ்மில்லா' சொல்லி வைத்தார். பருத்தித் துணியாக இருந்திருந்தால் ஒழுங்காகச் சாம்பலாகியிருக்கும். இது பாலியஸ்டர். சுருண்டது, உருகியது, சொட்டியது. கருப்புப் புகை மதிலுக்கு மேலே எழும்பியது. மரியாதை என்று நினைத்துச் செய்தது கண்முன்னே கோரமாகிக் கொண்டிருந்தது. ஐசும்மா முறத்தால் புகையைக் கலைக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்வாசல் தகரக்கதவு கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டு ராமாத்தாள் கறிவேப்பிலை பறிக்க வந்திருந்தார். எழுபது தாண்டியவர், முப்பது வருடமாக அந்த வாசல் வழியாக வந்து போகிறவர்.

"என்ன தம்பி, கொடியா?"

தாவூத்தின் கையில் மடித்த கொடி ஒன்று இருந்தது. ராமாத்தாள் நெருப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், புகைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். கறிவேப்பிலையைப் பறிக்கவே இல்லை.

அந்தப் பறிக்காத கறிவேப்பிலை தாவூத்தைத் தின்றது. ஏன் பறிக்கவில்லை? யாரிடம் சொல்லப் போனார்? ராமாத்தாளின் மகன் மோகனசுந்தரம் உரக்கடை வைத்திருக்கிறார். காரின் பின்கண்ணாடியில் பெரிய கொடி ஒட்டியிருக்கும். வீட்டு மாடியில் வருடம் முழுக்க ஒரு கொடி பறக்கும். அதை இத்தனை நாளும் தாவூத் கவனித்ததுகூட இல்லை. அன்றைக்குத்தான் கவனித்தார். எரியாமல் மிஞ்சிய பிளாஸ்டிக் கட்டியை மண்ணைத் தோண்டிப் புதைத்தார். பிறகு, புதைத்ததை யாராவது தோண்டினால் என்ற யோசனை வந்தது. வெளியே எடுத்து, சுத்தியலால் உடைத்து, மறுபடி வேறிடத்தில் புதைத்தார்.

தெருவில் பைக் நின்றால் எழுந்துபோய் யாரென்று எட்டிப் பார்த்தார். ஊர் வாட்ஸ்அப் குழுவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். வீடியோ எது வந்தாலும் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் திறப்பார். திறந்தால் ஆட்டுக்குட்டி விற்பனையாக இருக்கும்.

ஐசும்மா தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "யாராச்சும் வந்து கேட்டா, எங்க நன்னா வெள்ளைக்காரன எதுத்துச் செயிலுக்குப் போனவருன்னு சொல்லிப்போடுங்க."

அவ்வளவு பயத்திலும் தாவூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நன்னா வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குதிரைக்குக் கொள்ளு வித்தவரு ஐசு."

உண்மை அதுதான். தாத்தா கொள்ளு விற்ற காசில்தான் அந்தக் கடைமனையே வாங்கப்பட்டது. மோகனசுந்தரத்தின் தாத்தாவும் வெள்ளைக்காரனுக்கு வரி வசூலித்துக் கொடுத்தவர்தான். அவன் குத்திவிட்ட பதக்கத்தோடு எடுத்த போட்டோ இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. அந்தப் பதக்கத்துக்கு யாரும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டி வந்ததில்லை. கொள்ளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டிவருமோ என்று தாவூத் யோசித்தார். யோசித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் மோகனசுந்தரம் கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். தாவூத் எழுந்து நின்றார். தான் எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

"ராவுத்தரண்ணா, நம்ம மாடிக்கொடி காத்துல கிழிஞ்சுபோச்சுங்க. என்ன பண்றதுன்னே தெரியாம வெச்சிருந்தேன். நீங்க முறையா எரிச்சீங்கன்னு அம்மா சொன்னாங்க. அடுத்தவாட்டி எரிக்கறப்ப இதையும் சேத்துக்குங்க."

பொறியா? போனில் பதிவாகிறதா? மோகனசுந்தரத்தின் சட்டைப்பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது.

"நாங்க ஒண்ணும் எரிக்கலீங்களே" என்றார் தாவூத்.

"அம்மா கண்ணால பாத்தேன்னாங்களே?"

"அது பழைய சேலைத்துணிங்க. அம்மாவுக்குக் கண்ணு செரியாத் தெரிஞ்சிருக்காது."

தாவூத் வீட்டிலிருந்து நோன்புக்கஞ்சி முதல் தூக்கு போகிற வீடு மோகனசுந்தரத்தினுடையது. அவருடைய அப்பா இறந்தபோது சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தவர் தாவூத். "செரிங்க" என்று பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோகனசுந்தரம் படியிறங்கினார்.

இரண்டு நாள் தாவூத்துக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு பெரிய மனுஷியைச் சொல்லிவிட்டோமே என்பது மறுபக்கம். மூன்றாம் நாள் காலையில் அந்தத் தகரக்கதவைத் திறந்துகொண்டு அவரே போனார். மோகனசுந்தரம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேனுங்க. அந்தக் கொடியக் குடுங்க."

மோகனசுந்தரம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "பொய்யின்னு தெரியுமுங்கண்ணா. எதுக்குன்னுதான் தெரியல."

அதற்குள் உள்ளேயிருந்து ராமாத்தாளின் குரல் வந்தது.

"அந்தத் துணியா? நேத்தே சுடுதண்ணி அடுப்புல வெச்சுட்டேன். குளிக்கறக்குத் தண்ணி காய வேண்டாமா? உம்பட ஊட்ல அடிச்ச பொகையில இருமல் புடிச்சு, ஒரு வாரமாச்சு, இன்னும் போகல தம்பி. அன்னிக்குக் கறிவேப்பில பறிக்கக்கூட முடியல."

தாவூத் தன்னையறியாமல் மதிலுக்கு அந்தப்பக்கம் தெருவை எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக் கேட்டார். "எரிக்கறப்ப யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

ராமாத்தாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கேள்வி அவருக்கு விளங்கவே இல்லை.

"பாத்தா என்ன தம்பி?"

மோகனசுந்தரம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "காப்பி குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தாவூத் உட்கார்ந்தார். கூடத்தில் மாலை போட்ட அந்தப் பதக்கப் போட்டோவுக்கு நேரே அவர் முகம் இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடங்களிலிருந்து குடியரசு தினத்துக்குக் கொடி கேட்டு வந்தார்கள். தாவூத் யாருக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, ஒன்றுகூட மிஞ்சாத கணக்கில் வரவழைத்தார். இன்னும் ஐம்பது கிடைக்குமா என்று ஒரு டீச்சர் கேட்டபோது, இல்லை என்று கையை விரித்தார்.