குட்டைக் கோட்டு டாக்டர்

மூன்று நாள் தீவிர ஆலோசனைக்குப் பிறகு, என் இருமலை டாக்டரிடம் காட்டுவது என்று இன்று காலை முடிவெடுத்தேன். வீட்டில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

திருவொற்றியூரில் எங்கள் தெரு கிளினிக்கில் மூன்று டாக்டர்கள். யார் எவ்வளவு ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதுகிறார் என்று ஒப்பிட்டு, நிர்வாகம் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. முதல் இரண்டு அறைகளுக்கு நீளக் கோடு, மூன்றாம் அறைக்குக் குட்டைக் கோடு. தேவையில்லாமல் மருந்து எழுதாதவரைப் பாராட்டத்தான் அந்த ஏற்பாடு.

சாயங்காலம் நான் போய் வரிசையில் உட்கார்ந்தபோது, மூன்றாம் அறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்த ஒரு டிரெய்லர் டிரைவர் அந்தப் படத்தைப் பார்த்தார். கையில் வெறும் பாராசிட்டமால் சீட்டு. நாளை விடிந்ததும் ஹார்பரில் கன்டெய்னர் ஏற்றாவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

டாக்டரை வெளியே கூப்பிட்டார்.

"இன்னா நைனா, அவுங்க ரெண்டு பேரும் எங்கியோ கீறாங்கோ. நீ கடைசில கீறியே!"

"அது ரேங்க் இல்லங்க. குறைவா இருந்தாதான் நல்லது. உங்களுக்கு ஊசி தேவையில்ல."

"கம்மியா மார்க்கு வாங்கிக்கினு நல்லதுன்றியா? போடு ஊசிய!"

"போடமாட்டேன்."

முதல் குத்து மூக்கில் விழுந்தது. அடுத்த அடி நாற்காலியால். தடுக்கப் போன கம்பவுண்டர் எடை மெஷின்மேல் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "போதும் வுடுப்பா, அடுத்த டோக்கன் என்னுது."

டாக்டருக்கு மூக்கெலும்பு முறிந்துவிட்டது. முதல் அறை டாக்டர் டிரைவரை உள்ளே கூப்பிட்டு, ஊசி போட்டு அனுப்பினார்.