பூங்கோதை தேர்ந்தெடுத்த பலகை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 2005ஆம் வருடம் அந்தச் சங்கத்துக்கு ஒரு பொதுக் கம்ப்யூட்டர் அமைப்பு வந்து சேர்ந்தது. பெரிய பெட்டி ஒன்று, அதிலிருந்து கம்பி இழுத்து ஆறு கம்ப்யூட்டர்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பூங்கோதைக்குக் கிடைத்தது.

அதற்கு முன் எட்டு வருடம் அவள் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடும் வேலையில் இருந்தவள். காய்ந்த பீங்கானை மாவுக் கரைசலில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்குகிற வேலை. ஒரு கட்டத்தில் அந்தத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. இனிமேல் கரைசலில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது பக்கத்துத் தொட்டியில் வேலை பார்த்த வீரம்மாள்தான், "நீ டைப்பு படிச்சவ தான, கம்ப்யூட்டரு கிளாசுல சேரு. நாலு மணிக்குக் கெளம்பு. ஒன் பலகைய நான் முடிச்சுடறேன்" என்றாள். ஐந்து மாதம் அப்படியே செய்தாள். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்துவிட்டு, ஒரு நாள் கூடச் சொல்லிக்காட்டியதில்லை.

சங்கத்தில் அப்போது ஒரு தொந்தரவு இருந்தது. சூளையில் விரிசல் விட்டது ஏன், நல்ல களிமண் யாரிடம் வந்திருக்கிறது, சேத்தியாத்தோப்பு வழியாக லாரி போகிறதா என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒட்டிய சீட்டு மறுநாள் இருக்காது. கேட்டவருக்குப் பதில் கிடைத்தாலும் அடுத்தவருக்குத் தெரியாது. சங்கச் செயலாளர் ராஜாம்பாள், பொம்மைப் பட்டறை வைத்திருந்தவர், "இதையெல்லாம் கம்ப்யூட்டர்லயே எழுதிப் போட ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று நியூஸ்குரூப். கடிதம் போல எழுதி அனுப்பினால், தலைப்புவாரியாகச் சேர்ந்துகொள்ளும். படிக்கத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். இன்னொன்று புல்லட்டின் போர்டு. இணையப் பக்கம் போலத் திறக்கும், அதிலேயே எழுதலாம், போட்டோ ஒட்டலாம்.

மின்கம்பத்து இன்சுலேட்டர் செய்கிற நடராசன் நியூஸ்குரூப் கட்சி. வெளியூரில் பெரிய ஆலையில் வேலை பார்த்தபோது அதைப் பழகியவர்.

"வேகமா இருக்கும்மா. கரண்டு போனாலும் எழுதுனது பத்திரமா இருக்கும். அந்தப் போர்டெல்லாம் காலேஜு பசங்க அரட்டை அடிக்கிறதுக்கு" என்றார்.

"ரெண்டையும் ஒரு மாசம் போட்டுப் பாக்கறேங்க."

"பொடவைக் கடையா இது?"

"ஆமாங்க. கட்டிக்கப் போறவங்க பாத்துத்தான எடுக்கணும்?"

ராஜாம்பாள் சிரித்துவிட்டார். "ஒரு மாசம் எடுத்துக்கம்மா. கடைசியில நீ சொல்றதுதான் முடிவு" என்றார். அந்த வார்த்தையைப் பூங்கோதை நம்பமுடியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். தட்டச்சு செய்யத்தான் அவளைக் கூப்பிடுவார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டையும் நிறுவினாள். ஒரு வாரத்திலேயே நியூஸ்குரூப்பின் குறை தெரிந்தது. இங்கிலீஷில் எழுதினால் சரியாக வந்தது. தமிழில் எழுதினால் ஒரு கம்ப்யூட்டரில் எழுத்தும் இன்னொன்றில் வெறும் கட்டமுமாக வந்தது. பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்கில்லப்பா இது" என்று போய்விட்டார்கள். போர்டில் தமிழ் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிந்தது. பூங்கோதை விசைப்பலகைகளில் தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டி வைத்தாள். வீரம்மாளை ஷிப்டு முடிந்ததும் வரச் சொன்னாள். எட்டாவது வரை படித்த வீரம்மாள் ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தாள். 'வீரம்' வரைக்கும் அடித்து, 'மா' வராமல், "போதும் வுடு" என்றாள். அதுவே போர்டில் அவள் பெயராயிற்று.

மூன்றாம் வாரம் நடராசனுக்கு ஒரு சோதனை வந்தது. சூளையிலிருந்து எடுக்கிற இன்சுலேட்டர் எல்லாம் ஊசி குத்தியது போலத் துளை துளையாக வந்தது. கிளேஸை மாற்றினார், சூட்டைக் கூட்டிக் குறைத்தார், பலிக்கவில்லை. நியூஸ்குரூப்பில் இங்கிலீஷில் கேட்டார். இரண்டு முதலாளிகள் பார்த்தார்கள், யாருக்கும் காரணம் தெரியவில்லை. வேறு வழியின்றிப் போர்டிலும் போட்டோவோடு போட்டார். மறுநாள் மாலை 'வீரம்' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்திருந்தது.

"காயவைக்கிற பலகை எங்க இருக்குது? பக்கத்துல மாவு அரைக்கிறாங்களா?"

பலகையைப் போன மாதம்தான் அரவை ஷெட்டுக்கு அருகில் மாற்றியிருந்தார் நடராசன். ஆமாம் என்று எழுதினார். அதற்கு வீரம்மாள் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து பதில் அடித்தாள். முடிக்கும் நேரத்தில் கரண்டு போயிற்று. அவ்வளவும் அழிந்தது. பூங்கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. நடராசன் சொன்னது உண்மைதான், நியூஸ்குரூப்பில் என்றால் அழிந்திருக்காது. வீரம்மாளோ விரலைச் சொடுக்கிக்கொண்டு, கரண்டு வந்ததும் முதலிலிருந்து அடித்தாள்.

"மாவு தூசி ஒட்டியிருக்கும். அது மேல கிளேஸ் போட்டா வேகும்போது தூசி இருந்த எடம் தொளையாயிடும். ஈர ஸ்பாஞ்சால தொடச்சி, ஈரம் இழுத்த பின்னால முக்குங்க. பலகைய மாத்துங்க."

நான்கு நாள் கழித்து நடராசன் சங்கத்துக்குள் வேகமாக வந்தார். "தொளை நின்னுடுச்சி! யாருங்க அந்த வீரம்? எந்த கம்பெனி இன்ஜினியரு?"

"கிளேஸ் போடுற வீரம்மாக்காங்க. இருவது வருசமா போடறாங்க" என்றாள் பூங்கோதை.

அந்த வீரம்மாள் நடராசன் பட்டறை வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவாள். முதலாளிகள் கூடுகிற கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. நியூஸ்குரூப்பிலும் இருந்திருக்காது.

அன்றைக்கே பூங்கோதை இன்னொரு காரியம் செய்தாள். அந்தப் போர்டு மென்பொருளை உருவாக்கியவர்களின் உதவிப் பக்கத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கரண்டு போனால் எழுதியது அழிகிறது என்று எழுதினாள். எந்த நாடு என்றே தெரியாத ஒருவர், எழுதுவதை நிமிஷத்துக்கு ஒரு தடவை பெரிய பெட்டியிலேயே சேமித்து வைக்கும் ஒரு சின்ன நிரலை அனுப்பினார். பெரிய பெட்டிக்குப் பேட்டரி இருந்ததால் அது போதுமானது. எங்கே சேர்ப்பது என்று புரியாமல் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கைம்மாறாக அவர் எதுவும் கேட்கவில்லை.

மாதக் கடைசிக் கூட்டத்தில் பூங்கோதை எழுந்து, "போர்டு வச்சிக்கலாங்க" என்றாள். காரணத்தை வரிசையாகச் சொல்லத் தயாரித்து வைத்திருந்தாள். அதற்குள் நடராசன் எழுந்துவிட்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேங்க. நாம படிக்கிறதுக்கு எது வசதின்னு பாத்தேன். பூங்கோதையம்மா, யாரெல்லாம் எழுதணும்னு பாத்துருக்காங்க. அதுதான் சரி. தொழிலாளிங்களும் எழுதலாம்னு கூட்டத்துல தீர்மானமே போட்டுடுங்க."

தீர்மானம் போட்டார்கள். போர்டு ஏழு வருடம் ஓடியது. மங்கலம்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போன பீங்கான் ஆட்கள் கூட அங்கிருந்து எழுதினார்கள். தீர்மானம் போட்ட அடுத்த வருடமே நடராசன் வீரம்மாளைத் தன் பட்டறைக்கு கிளேஸ் மேற்பார்வையாளராகக் கூப்பிட்டுக்கொண்டார்.

அந்தச் செய்தி தெரிந்த ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை, வீரம்மாள் வீட்டுக்குப் போனாள். வீரம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கி நீ என் பலகைய முடிக்கலைன்னா நான் எங்க இருந்துருப்பேன்னே தெரியல. இத்தினி வருசத்துல ஒரு நாளு கூட ஒங்கிட்ட சொல்லல."

"எதுக்குடி சொல்லணும்? ஒனக்கு கை வெடிச்சுது, எனக்கு கை நல்லா இருந்துச்சி, செஞ்சேன்" என்றாள் வீரம்மாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்ஜினியரான்னு கேட்டாராமே அவரு. நெசமாவா?" என்றாள்.

"நெசமாக்கா."

"இன்னொரு தடவ சொல்லு. எப்பிடிக் கேட்டாரு?"

பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் உள்ளே வேகமாக வந்ததிலிருந்து முழுவதும் சொன்னாள்.