வலிக்காத முழங்கால்

என் முழங்காலில் அப்போது வலியே இல்லை. இருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி எங்கள் சபைப் பெண்கள் அத்தனை பேரும் மாதக்கணக்கில் மண்டியிட்டு எனக்காக ஜெபித்தார்கள்.

அப்பாடா, சொல்லிவிட்டேன்! இத்தனை வருடம் தொண்டைக்குள் வைத்திருந்தது. நீங்கள் சிரித்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி... முழுக்கக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. லுத்தரன் சபைக்காரர்களுக்கு அங்கே ஒரு தெரு. நடவு, களை, அறுப்பு என்று வயலை நம்பிப் பிழைத்தவர்கள்; நானும் அவர்களோடு நாற்று நட்டவள்தான். ஆளாளுக்குப் பாஸ்போர்ட் எடுத்த அந்தக் காலத்தில் என் வீட்டுக்காரரும் சவுதிக்குப் போனார். அவர் அனுப்பிய பணத்தில் தெருவின் முதல் மாடி வீடு எழும்பியது. மொசைக் தரை போட்ட பெரிய கூடம், நான்கு மின்விசிறி, சோபா, கேபிள் டிவி... மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்தோம். மகன் ஐ.டி.ஐ. முடித்துச் சிங்கப்பூருக்குப் பறந்தான். நான்கு மின்விசிறிக்கும் கீழே நான் ஒருத்தி!

வெள்ளிக்கிழமை சவுதியில் விடுமுறை. அன்று அவர் போன் வரும். "சாப்டியா? வீடு நல்லா இருக்கா?" என்பார். வீடு நன்றாகத்தான் இருந்தது. நான்தான், டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதிலுக்குக் கும்பிடுகிற நிலைக்கு வந்திருந்தேன்.

எங்கள் சபையில் செவ்வாய்தோறும் வீட்டு ஜெபம் உண்டு. வாரம் ஒரு வீடு, முறை வைத்து நடக்கும். என் முறை வந்த அன்று, நடவு முடித்த பெண்கள் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு நேராக வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. கைதட்டிப் பாடினார்கள், எனக்காகவும் என் பிள்ளைகளுக்காகவும் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். பிறகு டீ, சுண்டல், ஊர்க்கதை, ஒரே சிரிப்பு! ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள்தான் நான். ஆனாலும் ஆண்டவர் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தேன். எத்தனை ஆறுதல் அது!

அவர்கள் போனதும் டம்ளர்களைக் கழுவினேன். மெதுவாகக் கழுவினேன்... கழுவி முடித்தால் அப்புறம் என்ன செய்வது?

மற்றவர்கள் வீட்டு ஜெபத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேனே! பாடிவிட்டுத் திரும்பி வந்து, இருட்டில் என் வீட்டுப் பூட்டைத் திறக்கிற அந்த நேரத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது நடமாட முடியாமல் போனால், குணமாகும் வரை செவ்வாய் ஜெபம் அவர்கள் வீட்டிலேயே நடக்கும்.

ஜெபத்தை நடத்துகிறவர் சுகிர்தம் அக்கா. நடவு ஆட்களுக்கும் அவர்தான் தலைவி. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரல். ஒரு செவ்வாய், எஸ்தர் என்கிற பெண்ணின் வீட்டில், வழக்கம்போல் கேட்டார்: "யாருக்காச்சும் ஜெப விண்ணப்பம் இருக்கா?"

"எனக்கு... முழங்கால்" என்றேன்.

ஏன் முழங்கால்? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். முழங்கால் வலியை யார் உள்ளே போய்ப் பார்ப்பது? இந்தக் கணக்கையெல்லாம் என் புத்தி ஒரு நொடியில் போட்டுவிட்டது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

"அடியேய் ரூபி, சொல்லவே இல்லையே நீ! இனிமே நடந்து கிடந்து வராத. நாங்களே உன் வீட்டுக்கு வந்துர்றோம்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் எனக்குத் திருவிழாதான்! காலையிலேயே உளுந்து ஊறப்போடுவேன். மாலை வரை ஓடியாடி வடை சுடுவேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நொண்ட ஆரம்பிப்பேன். ஒரு நாள் எந்தக் கால் என்பது மறந்துபோயிற்று! வலது காலை இழுத்துக்கொண்டு டீ கொண்டுவந்தேன். எஸ்தர் விடுவாளா?

"ஏங்க்கா, போன வாரம் எடது காலுதானே?"

சுகிர்தம் அக்கா முந்திக்கொண்டார். "ஒரு காலு முடியலைன்னா பாரமெல்லாம் அடுத்த காலுலதானடி விழும்? பாவம், அதுவும் போச்சு. ரெண்டுக்கும் சேத்து ஜெபிப்போம்."

அன்று ஜெபம் இரண்டு மடங்கு நீண்டது.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம்... நாளெல்லாம் சேற்றில் குனிந்து நின்ற பெண்கள் அவர்கள். முழங்கால் வலி என்றால் அவர்களுக்கல்லவா இருக்கும்! அந்த முழங்கால்களை என் மொசைக் தரையில் ஊன்றி, ஒன்றுமே இல்லாத என் காலுக்காக அழுதார்கள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு, வடை எல்லோருக்கும் வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேதி எட்டி, சவுதியிலிருந்து அவர் தைலம் அனுப்பினார். அதை அந்தப் பெண்களுக்கே பங்கிட்டேன். "தன் வலியக்கூட பாக்காம குடுக்குது பாரு" என்று அதற்கும் பாராட்டு! எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒரு செவ்வாய் சுகிர்தம் அக்காவின் வாய் வெளுத்திருந்தது.

"வெத்தல போடலையாக்கா?"

"பொருத்தன பண்ணிட்டேன் ரூபி. உன் காலு குணமாவுற வரைக்கும் வெத்தலைய தொடறதில்லன்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

சோறில்லாமல் நடவு நடுவார் அக்கா. வெற்றிலை இல்லாமல் வரப்பில் கால் வைக்க மாட்டார். அன்றைக்கே நான் எழுந்து நடந்திருக்க வேண்டாமா? நடக்கவில்லை! இன்னும் ஒரு செவ்வாய், இன்னும் ஒரே ஒரு செவ்வாய் என்று... அவர்கள் நட்ட பயிர் கதிர் வாங்கியது. அக்கா இடுப்பில் சுருக்குப்பை வெறுமனே தொங்கியது. குணமாகிவிட்டால் கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா?

அறுப்பு முடிந்த வாரம், அக்கா பாட்டைத் தொடங்கவில்லை.

"வேற யாராச்சும் நடத்துங்கடி. என் ஜெபத்துலதான் ஏதோ குத்தம் இருக்கு. ஆண்டவரு என் குரல கேக்க மாட்டேங்கிறாரு. நான் என்ன பாவம் பண்ணுனேன்னு எனக்கே தெரியல..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான்! எழுந்த வேகத்தில் நொண்ட மறந்துவிட்டேன். விறுவிறுவென்று நடந்துபோய், அவர் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா..."

அடுத்த சொல் வருவதற்குள் எஸ்தர் கத்தினாள்: "ரூபியக்கா முட்டி போட்டுட்டாங்க! பாருங்க, முட்டி போட்டுட்டாங்க!"

கூடமே அல்லேலூயா என்று அதிர்ந்தது. சுகிர்தம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்? இல்லை... இதுவும் சாக்குதான். சொல்லியிருக்கலாம். யாரோ ஓடிப்போய் வெற்றிலை வாங்கிவந்தார்கள். அக்கா எனக்கும் ஒன்று மடித்து வாயில் திணித்தார். கண் கலங்கியதற்கு, சுண்ணாம்பு காரம் என்றேன்.

அதன்பிறகு செவ்வாய் ஜெபம் பழையபடி வீடு வீடாகச் சுற்றியது. வேடிக்கை என்னவென்றால், என் வீடு வெறுமையாகவில்லை. அற்புதம் நடந்த "சாட்சி வீடு" என்று வயலிலிருந்து திரும்பும் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் வராத நாளில் நானே கூடத்தில் மண்டியிட்டுப் பேசப் பழகிக்கொண்டேன். "ஆண்டவரே, அந்தக் கால் விஷயம்..." என்றுதான் தொடங்குவேன். அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். அந்தத் துணையும் பொய்யில் வந்ததுதானா? எனக்கு விளங்கவில்லை.

அக்கா அந்தக் கதையை விடவில்லை. எங்கள் ஆலயத்தில் சாட்சி சொன்னார், குடவாசலில் சொன்னார், கீழ்வேளூரில் சொன்னார். சொல்லச் சொல்ல என் நோயும் முற்றியது. இப்போது அவர் கணக்கில் நான் வருடக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தவள்!

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. இடது முழங்கால் வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது! படி ஏறினால் உயிர் போகிறது. யாரிடம் ஜெபிக்கச் சொல்வேன்? ஊருக்கே சாட்சியான கால் அல்லவா! தெருவில் யாராவது வந்தால் நொண்டாமல் நடக்கிறேன். அன்று நொண்டியதைவிட இது பெரிய பாடு. நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், கோலூன்றி நடக்கிற சுகிர்தம் அக்கா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். கீழ்வேளூர்க்காரி. முழங்கால் வீங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் காலுதாம்மா. ஆண்டவரு தொட்ட காலு. ரூபி, இவளுக்கு நடந்து காட்டு."

அக்காவின் வாய் பழைய சிவப்பில் சிரித்தது. இப்போதாவது சொல்லிவிடேன் என்று உள்ளே ஒரு குரல்... நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, பீடம் வரைக்கும் நேராக நடந்தேன். எனக்குப் பின்னால் அந்தப் பெண் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொல்வது கேட்டது.