பீரோவில் இருந்த அப்பா

மில் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்ற கையோடு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் புது ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கி வந்தாள். வீட்டு வைஃபையில் இணைத்து, என்னென்னவோ தட்டி முடித்தாள். "தொலைச்சாக்கூட பரவால்லப்பா, எங்க இருக்குன்னு நான் சென்னையிலருந்தே மேப்ல பாத்துருவேன். சிம்மை மட்டும் மாத்திக்கோங்க. பழசு பேக்கப்புக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் ரயிலேறினாள்.

ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரைக்கூடத் தாண்டியிருக்காது. புது போன் பீரோவுக்குள் போய்விட்டது.

"பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தது. நீங்க டீக்கடை, மார்க்கெட்டுன்னு தூக்கிட்டுப் போயி கீழ போட்டுருவீக. பழசு செத்த பொறவு எடுத்துக்கலாம்" என்றாள் மனைவி. பட்டுச்சேலைகளுக்கு நடுவே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பளபளப்பைத் தொட எனக்கும் பயம்தான்.

ஆஃப் செய்து வைத்தால் கெட்டுப்போகும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் எடுத்துத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, திரும்ப வைப்பாள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வேறு. என் பையிலோ பழைய போன். காதில் வைத்தால் அதில் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில்தான் பேச முடியும். எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் தெருவுக்கே அத்துப்படி.

"புது போன்தானப்பா வச்சிருக்கீங்க?" என்று மகள் கேட்பாள்.

"பின்ன? கையை விட்டு எறங்குறதே இல்ல."

அவள் மனம் நோகக் கூடாதே என்று சொன்ன பொய்தான்.

கொஞ்ச நாளில் மகள் புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தாள். "வெளிய எங்கயாச்சும் போயிட்டு வாங்கப்பா. வீட்டுக்குள்ளயே இருக்காதீங்க." எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் மார்க்கெட், மாலையில் டீக்கடை, நடுவில் செட்டியார்பட்டியில் தம்பி வீடு என்று நான் வீடு தங்குவதே இல்லை. இதற்குமேல் எங்கே போவது? அடுத்து, கூரியரில் நடைப்பயிற்சிக்கு ஒரு ஜோடி ஷூ வந்தது. அதுவும் பீரோவுக்குப் போனது.

அதற்கப்புறம் மில் நண்பர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். "அண்ணாச்சி, வாங்க செத்த நேரம் வெளிய போயிட்டு வருவோம். அடைஞ்சே கெடக்கக் கூடாதாம்."

"நேத்து பூரா டீக்கடையில உம்ம கூடத்தானய்யா இருந்தேன்?"

"அதத்தான் நானும் போன்ல சொன்னேன். உங்க பாப்பா நம்ப மாட்டேங்குதே!"

ஒரு விசேஷத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போன அன்றுதான் குட்டு உடைந்தது. நல்ல கூட்டம். மகள் கூப்பிட்டாள். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் எடுத்தேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பஸ்லம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா." அவள் குரல் உடைந்தது. "டிவியைச் சத்தமா வச்சு ஏமாத்துறீங்க."

கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை நோக்கிக் குனிந்து, "ஏம்மா, நான் என்ன டிவிக்குள்ளயா டிக்கெட் குடுக்கேன்? உங்கப்பா பஸ்லதான் வாராரு" என்றார்.

"ஆமா தாயி, சன்னலோரமா நல்லாத்தான் உக்காந்திருக்காக" என்று பக்கத்து சீட்டு அம்மாவும் சாட்சி சொன்னார்.

"அப்போ போன் ஏம்பா மூணு மாசமா வீட்டை விட்டு நகரவே இல்ல?" மகள் அழுதுவிட்டாள். "தினமும் மேப்ல பாக்குறேன். ரிடையர் ஆனதுலருந்து நீங்க வாசப்படியே தாண்டல. அம்மா மழுப்புறாங்க. உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு எனக்குத் தூக்கமே இல்லப்பா."

பஸ்ஸே என்னைப் பார்த்தது. அவள் ஆசையாக வாங்கித் தந்ததை நான் தொடவே இல்லை என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"உண்மையச் சொல்லிருங்கய்யா, பிள்ளை அழுகுதுல்ல" என்றார் அந்த அம்மா.

"அது பீரோவுல இருக்கும்மா. பட்டுச்சேலைக்கு நடுவுல. உங்கம்மா பத்திரமா வச்சிருக்கா."

படிக்கட்டு வரைக்கும் சிரித்தார்கள். மகள் சிரித்தாளா அழுதாளா என்று அந்த இரைச்சலில் எனக்குத் தெரியவில்லை. "நீங்க நல்லா இருக்கீங்கள்ல? அம்புட்டுதான்பா வேணும்" என்றாள். போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றே சிம்மை மாற்றினேன். பழைய போன் பீரோவுக்குப் போனது. செவ்வாயும் வெள்ளியும் அதற்குத்தான் இப்போது சார்ஜ். புதியதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எந்த வேலையும் இல்லாத நாட்களில்கூட ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன்.

"இங்க கெடைக்காத டீயா? எதுக்கு இந்த வெட்டி அலைச்சல்?" என்கிறாள் மனைவி.

சென்னையில் ஒருத்தி படுக்கப்போகும் முன் மேப்பைப் பார்ப்பாள். அப்பா இன்றைக்கு எவ்வளவு தூரம் போய் வந்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.