உமாராணியின் கைப்பக்குவம்

பசுவந்தனை ரோட்டில் உமாராணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காராச்சேவு அக்கா என்றால் மூன்று தெரு தள்ளியும் வழி காட்டுவார்கள். புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக வீட்டு அடுப்பில்தான் பிழைப்பு. கவர் கிடையாது, பொட்டலம் கிடையாது. சம்படமோ தூக்குவாளியோ கொண்டுவந்தால் அதில் போட்டுத் தருவாள். வெறுங்கையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு போகவேண்டியதுதான். இன்னொரு கறாரும் உண்டு. வாசலைத் தாண்டிய பண்டத்தைத் திரும்ப வாங்கமாட்டாள். வெளியே எவன் கை பட்டதோ, என்ன கண்டாள் அவள்? இதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொள்வாள்.

ஆட்களுக்குச் சேவு, முறுக்கு. நாய்களுக்கு, ஈரலை அவித்துக் கம்பு மாவில் பிசைந்து சுட்ட வில்லைகள். நாய் வளர்க்கிற வீட்டார் அதையும் சம்படத்தில் வாங்கிப் போவார்கள். உடைந்ததும் கருகியதும் தெருநாய்களுக்கு. சாயங்காலமானால் நாலு நாய்கள் வாசலில் வந்து உட்காரும். அவள் வளர்க்கிற செவலை ஐந்தாவது. பிள்ளை இல்லாதவளுக்கு அந்த ஐந்தைப் பார்த்து அப்படியொரு கர்வம்.

பின்வீட்டு வேல்ராஜின் சினையாட்டை நாய்கள் குதறிப்போட்ட அன்று அந்தக் கர்வம்தான் பேசியது. செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றான். இவள் அடுப்பைவிட்டு எழவே இல்லை.

"எங்கையால திங்குத நாய் ஆட்டைத் தொடாது தம்பி. வேற எங்கனயாவது போய்க் கேளு."

செவலையின் வாயோரம் காய்ந்திருந்த ரத்தத்தை அவன் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் நாலு வார்த்தை வைதிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். பாவி, பேசாமல் போனான்.

ஒரு வாரம் கழித்துச் சம்படத்தோடு வந்து, மச்சான் வீட்டு நாய்க்கென்று ஒரு கிலோ வில்லை வாங்கிப்போனான். கோபம் தணிந்துவிட்டது என்று உமாராணிக்கு நிம்மதி. மறுநாள் அத்தனையையும் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்தான். கருவாட்டுக் குழம்பில் பிசைந்து வைத்தும் அந்த நாய் தின்னவில்லையாம்.

"நான் போட்டா ஒண்ணுகூடக் கிட்ட வராதுக்கா. உங்க கையாலயே போட்டுருங்க."

எட்டு வருஷத்துக் கறாரை ஒரு நிமிஷத்தில் விட்டாள். அன்றைக்குச் சொன்ன பொய் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வாசலில் ஐந்துக்கும் பங்கு வைத்தாள். செவலைக்கு மட்டும் ஒரு கை கூடுதல்.

விளக்கு வைப்பதற்குள் ஐந்தும் நுரை தள்ளி விழுந்தன. செவலை அவள் மடிக்கு வந்துதான் செத்தது. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாடை, வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. உமாராணி வேல்ராஜ் வீட்டுக்கு ஓடினாள். அவன் மிச்சமிருந்த ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தான், நிமிரக்கூட இல்லை.

"நான் எதுக்கும் போடலியேக்கா. நீங்கதான போட்டீங்க. தெருவே பாத்துச்சே."

அவன் திருப்பிக் கொடுத்த பண்டம் என்று அவள் கதறியதை யாரும் நம்பவில்லை. வெளியே போனதைத் தொடவே மாட்டாளே! நாய்க்குப் பிசைகிற கைதானே நமக்கும் பிசைகிறது என்று முதலில் கேட்டவள் எதிர்வீட்டு வனிதா. மறுநாள் ஒரு சம்படம்கூட வரவில்லை. எட்டு நாள் அடுப்பு எரியவில்லை.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, வேல்ராஜ் வந்தான். அரைக் கிலோ காராச்சேவு கேட்டான். வேறு வழியில்லாமல் அடுப்பை மூட்டிப் பிழிந்து கொடுத்தாள். அவள் பண்டத்தில் குற்றமில்லை என்று அந்தத் தெருவில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வனிதா பார்க்க, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நிதானமாக மென்றான். தன்மேல் பழி போட்டவளிடமே வாங்கித் தின்கிறானே, என்ன மனசு என்று தெரு அவனைக் கொண்டாடியது. மறுநாள் வனிதா சம்படத்தோடு வந்தாள்; மற்றவர்களும் ஒவ்வொருவராய் வந்தார்கள்.

இப்போது வெள்ளிதோறும் வந்து தின்று காட்டிவிட்டுப் போகிறான். அவன் வராத வாரம் ஒருவரும் வருவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால், அவன் தலை தெரிகிறதா என்று உமாராணி வாசலில் வந்து நிற்கிறாள்.